பிரிவதா, இருப்பதா: பொருள்வயிற் பிரிவுப் பாடல்களை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காதல் பெரிதா, காசு பெரிதா என்று கேட்டால் காதல்தான் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சங்கக் கவிஞர்கள் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. காசு எதற்கு வேண்டும், அது இல்லாவிட்டால் என்ன இழிவு, அதைத் தேடிப் போனால் வீட்டில் இருப்பவளுக்கு என்ன ஆகும் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காதலைப் பாடும் அகத்திணையில் இதற்குத் தனித் துறையே உண்டு. தலைவன் பொருள் தேடப் பிரிவது, அதாவது பொருள்வயிற் பிரிவு. பிரிவைப் பாடும் பாலைத் திணையில் பெரும்பங்கு இதற்குத்தான். பாலையை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு அகநானூறே சாட்சி: அதன் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைதான்.

பள்ளியில் இவற்றைப் பொழிப்புரையோடும் மதிப்பெண்ணோடும் படித்து முடித்துவிட்டோம். இப்போது சொந்த விருப்பத்தில் எடுத்துப் படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'பணம் ஒன்றுமே இல்லை' என்ற நீதியைத் தேடி இந்தப் பாடல்களுக்குள் போகாதீர்கள். பணத்தால் எதுவரை முடியும், எந்த இடத்தில் அதன் கை எட்டாமல் போகிறது என்பதைத்தான் இவை தேடுகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

முதல் படி: சின்னப் பாட்டில் தொடங்குங்கள்

நேராக அகநானூற்றுக்குப் போனால் நீண்ட அடிகளும் அடுக்கடுக்கான உவமைகளும் மூச்சு முட்ட வைக்கும். குறுந்தொகைதான் நல்ல வாசல். நான்கு முதல் எட்டு அடிக்குள் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு இன்றைக்கும் கைகொடுக்கிறது. பதவுரை, விளக்கம், ஒப்புமைப் பகுதி எல்லாம் அதில் இருக்கின்றன.

முதல் வாசிப்புக்கு இந்த எண்கள் போதும்: குறுந்தொகை 20, 37, 63, 101, 124, 135, 283, 300. இவற்றோடு நற்றிணை 16. இவை பழகிய பிறகு அகநானூறு 5, கலித்தொகை 18, பட்டினப்பாலை.

உரையைப் பார்ப்பதற்கு முன் பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல் நாலைந்து இருக்கும், இருக்கட்டும். எந்த இடத்தில் குரல் உயர்கிறது, எந்த இடத்தில் தழுதழுக்கிறது என்பது காதுக்கு முதலில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: யார், யாரிடம் பேசுகிறார்?

அகப்பாடலில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்) என யாரோ ஒருவர் யாரிடமோ பேசுகிறார். பாட்டின் அடியில் 'பொருள் வலித்த நெஞ்சிற்குத் தலைமகன் சொல்லியது' என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். அது பாடலை எழுதியவர் போட்டதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. பயன்படும்தான், ஆனால் முதலில் அதைக் கையால் மூடிக்கொண்டு நீங்களே ஊகித்துப் பாருங்கள்.

பொருள்வயிற் பிரிவில் மூன்று பேச்சுகள் அடிக்கடி வரும். போவதா வேண்டாமா என்று தலைவன் தன் நெஞ்சோடு போடும் சண்டை ஒன்று. தோழி தலைவனை மறித்துப் பேசுவது இன்னொன்று. மூன்றாவது, அவன் போன பிறகு தலைவியும் தோழியும் பேசிக்கொள்வது. ஒரே சொல் யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறும். 'பொருள் நிலையில்லாதது' என்று தலைவன் சொன்னால் அவன் தன்னைத் தடுத்துக்கொள்கிறான். தோழி சொன்னால் அது கெஞ்சல். தலைவி சொன்னால் பெரும்பாலும் அவன் ஏற்கெனவே போய்விட்டான்.

மூன்றாம் படி: பணம் எதற்கு என்று அவன் சொல்வதை மரியாதையோடு கேளுங்கள்

இதை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். தலைவன் பேராசைக்காரனில்லை. குறுந்தொகை 63இல் உகாய்க்குடிகிழார் அவன் நியாயத்தை ஒரே அடியில் வைக்கிறார்: 'ஈதலும் துய்த்தலும் இல்லோர்க்கு இல்'. கையில் ஒன்றுமில்லாதவனுக்குக் கொடுக்கவும் வழியில்லை, அனுபவிக்கவும் வழியில்லை. எது முதலில் நிற்கிறது என்று பாருங்கள். கொடுப்பது முன்னால், துய்ப்பது பின்னால். வாசலுக்கு வருபவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் அவன் கிளம்ப நினைக்கிறான்.

குறுந்தொகை 283 இன்னும் கடுமையானது. 'உள்ளது சிதைப்போர் உளர்எனப் படாஅர், இல்லோர் வாழ்க்கை இரவினும் இளிவு.' முன்னோர் வைத்துப் போனதைத் தின்று தீர்ப்பவன் இருந்தும் இல்லாதவன். தனக்கென்று ஒன்றும் இல்லாமல் வாழ்வது பிச்சை எடுப்பதைவிடக் கேவலம். இதைச் சொல்லிவிட்டுத்தான் அவன் போகிறான். இதில் எந்தச் சொல்லை மறுக்க முடியும்? இன்றைக்கும் அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்பவனை ஊர் இப்படித்தானே பேசுகிறது! வளைகுடாவுக்கு விமானம் ஏறும் கணவன் மனைவியிடம் சொல்லும் காரணமும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

இந்த நியாயத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்த அடிக்குப் போங்கள். அப்போதுதான் அது தைக்கும். 63ஆம் பாட்டில் அவன் தன் நெஞ்சைக் கேட்கிறான்: 'அவ்வினைக்கு அம்மா அரிவையும் வருமோ, எம்மை உய்த்தியோ?' பொருள் தேடும் வேலைக்கு அவளும் கூட வருவாளா, இல்லை என்னை மட்டும் தள்ளிக்கொண்டு போகிறாயா? விடை அவனுக்கே தெரியும். 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை', கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. இந்த மரபில் பொருள்தேடும் பயணத்துக்கு மனைவி உடன் போவதில்லை. நெஞ்சிடமிருந்து பதில் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

நான்காம் படி: வழியில் நடந்து பாருங்கள்

பாலை என்பது தனி நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதனால் பாட்டில் வரும் காட்டை வெறும் வருணனை என்று வேகமாகத் தாண்டாதீர்கள். அவன் ஈட்டப்போகும் காசுக்கான விலையின் ஒரு பகுதி அந்தக் காட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

283ஆம் பாட்டையே மறுபடி எடுங்கள். அவன் சொன்ன உயர்ந்த காரணங்கள் முதலில் வந்துவிடுகின்றன. 'சென்றனர் வாழி தோழி' என்கிறாள் தலைவி. அதற்குப் பிறகு பாட்டின் முடிவு வரைக்கும் வழிதான். கூற்றுவனைப் போன்ற கொலைவேல் மறவர்கள் பாதையில் காத்திருந்து வழிப்போக்கரைக் கொல்கிறார்கள். அழுகிய பிணத்துக்காகப் பருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசிச் சொற்கள் 'நீர்இல் ஆறே', தண்ணீர் இல்லாத வழி. அவன் கொள்கையை அவள் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. அந்தக் கொள்கைக்குப் பக்கத்தில் அந்தப் பாதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

வழி எப்போதும் இப்படிக் கொடூரமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். குறுந்தொகை 37இல் தோழி காட்டும் காட்டில் பெண்யானையின் பசி தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையைப் பிளந்து கொடுக்கிறது. 'அன்பின தோழி அவர் சென்ற ஆறே.' அந்தப் பாதையில் அன்பு இருக்கிறது, அதைப் பார்த்ததும் உன் நினைவு வரும், திரும்பிவிடுவார் என்பது ஆறுதல். யானைக்குக் கிடைப்பது மரப்பட்டைதான். அதைக்கூட இணைக்குத்தான் முதலில் கொடுக்கிறது, இணை பக்கத்திலேயே நிற்கிறது. பொருள் தேடிப் போனவனுக்கு இதைவிடப் பெரிய இடி எது?

ஐந்தாம் படி: தராசைக் கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நல்ல பொருள்வயிற் பிரிவுப் பாட்டில் எங்கேயாவது ஒரு தராசு இருக்கும். ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் அவள். பொருள் பக்கம் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கஞ்சத்தனமாக ஏற்றுவதே கிடையாது.

நேரடியான தராசு குறுந்தொகை 101இல் இருக்கிறது. கடல் சூழ்ந்த உலகம் முழுவதும், அரிதாகக் கிடைக்கும் தேவருலகமும் சேர்த்து, 'இரண்டும் தூக்கின் சீர்சாலாவே'. இரண்டையும் ஒன்றாக நிறுத்தாலும் அவள் தோளைத் தழுவிக் கிடக்கும் ஒரு நாளுக்கு ஈடாகாது என்கிறான். ஒரு நாள் என்ற அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இப்போது நற்றிணை 16. சிறைக்குடி ஆந்தையார் பாடியது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தொடக்கமே கணக்கைப் போட்டுவிடுகிறது:

'புணரின் புணராது பொருளே, பொருள்வயின்
பிரியின் புணராது புணர்வே'

சேர்ந்திருந்தால் பொருள் சேராது, பொருளுக்காகப் பிரிந்தால் சேர்ந்திருப்பது நடக்காது. இதில் எந்தச் சமாதானமும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று கவிஞர் நமக்கு ஆசை காட்டுவதில்லை. அடுத்து நெஞ்சிடம் சொல்கிறான்: நீ போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, நல்லதற்குரியவன் நீ, வாழ்க. தன் நெஞ்சைத் திட்டாமல் வாழ்த்துகிறான். அப்புறம்தான் பொருளின் இயல்பைச் சொல்கிறான்: 'வாடாப் பூவின் பொய்கை நாப்பண் ஓடுமீன் வழியின் கெடுவ.'

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பூ வாடாத குளம், அதன் நடுவே ஒரு மீன் விருட்டென்று ஓடுகிறது. அது ஓடிய தடம் நீரில் எவ்வளவு நேரம் இருக்கும்? கண் பார்ப்பதற்குள் மூடிக்கொள்கிறது. பொருள் அப்படி அழியும். இதில் நான் மிகவும் வியப்பது குளத்தைத்தான். அது வற்றவில்லை, பூக்கள் வாடவில்லை, மீனும் சாகவில்லை. எல்லாம் செழிப்பாக இருக்கும்போதே தடம் மட்டும் இல்லாமல் போகிறது. செல்வம் அழிவதைச் சொல்ல வறட்சியைக் காட்டாமல் நிறைந்த குளத்தைக் காட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தராசு. கடல் சூழ்ந்த அகன்ற உலகத்தையே தூணி என்னும் முகத்தலளவையாக வைத்துக்கொண்டு, அதனால் ஏழு முறை அளந்து போடும் அளவு பெருஞ்செல்வம் கிடைத்தாலும், அவளுடைய செவ்வரி ஓடிய குளிர்ந்த கண் என்னை விரும்பிப் பார்த்த பார்வையில் நான் அகப்பட்டுக்கொண்டேன் என்கிறான். களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் துணிச்சல் புரியும். உலகம் மரக்காலாகிவிட்டது. பாட்டு இப்படி முடிகிறது: 'எனைய ஆகுக, வாழிய பொருளே.' அது எப்படியோ போகட்டும், பொருள் வாழ்க! பொருளைச் சபிக்காமல், நெஞ்சை வாழ்த்தியதுபோலவே அதையும் வாழ்த்தி வழியனுப்பிவிடுகிறான்.

இதே ஆந்தையாரின் குறுந்தொகை 300ஐ உடனே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அது குறிஞ்சித் திணை, காதல் அரும்பிய நாட்கள். குறுங்கால் அன்னம் மணலில் தங்கும் கடல் சூழ்ந்த உலகமே கிடைத்தாலும் 'விடல்சூழலன் யான்நின் உடைநட்பே', உன் நட்பை விட நினைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அன்றைக்கு உலகத்தைத் தூக்கி எறிவது எளிதாக இருந்தது, வீட்டுச் செலவு வந்திருக்கவில்லை. நற்றிணை 16இல் அதே உலகம் திரும்ப வந்து எதிரே நிற்கிறது, இப்போது நெஞ்சு நிஜமாகவே தடுமாறுகிறது.

தராசின் பெரிய வடிவம் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, மொத்தம் 301 அடி. முதல் 217 அடிகளில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கொட்டிக் காட்டுகிறார். கடலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, வடமலை மணியும் பொன்னும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைப் பொருள், காவிரி விளைச்சல், ஈழத்து உணவு, காழகத்துச் செல்வம். மாணவர்கள் இதை வாணிகச் செய்தியாகப் படித்துத் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் முழுவதும் தராசின் ஒரு தட்டு என்பது 218ஆம் அடியில்தான் தெரிகிறது: 'முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும் வார்இருங் கூந்தல் வயங்கிழை ஒழிய வாரேன் வாழிய நெஞ்சே.' இந்தப் பட்டினமே கிடைத்தாலும் அவளை விட்டுவிட்டு வரமாட்டேன். அதனால் பட்டியலை வேகமாகப் புரட்டாதீர்கள். ஒவ்வொரு மூட்டையையும் மனதில் இறக்கி வையுங்கள், அப்போதுதான் 'வாரேன்' என்ற சொல் எவ்வளவு கனம் என்று தெரியும். இந்தப் பாட்டுக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசு கிடைத்ததாகக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. அக்காலத்தவர் பொருளையும் அறிந்தவர்கள், அதைவிடப் பெரியது எது என்பதையும் அறிந்தவர்கள்.

ஆறாம் படி: யார் எதை இழக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் தலைவன் இழப்பது, வலப்பக்கம் தலைவி இழப்பது. பாட்டில் வரும் சொற்களை மட்டும் எழுதுங்கள், உங்கள் ஊகம் வேண்டாம். நாலைந்து பாட்டுக்குள் வலப்பக்கம் நிரம்பிவிடும். தியாகம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் போகிறவனுடைய தியாகத்தை. இந்தப் பாடல்கள் வீட்டில் இருப்பவளின் கணக்கை விடாமல் வைத்திருக்கின்றன.

குறுந்தொகை 124இல் தோழி கேட்கும் கேள்வியைப் பாருங்கள். உப்பு வணிகர்கள் தங்கிவிட்டுப் போன பின் பாழ்பட்ட ஊர்போல இருக்கும் ஓமைக் காடு கொடியது, அதனால் இவளை அழைத்துப் போக முடியாது என்கிறான் தலைவன். 'இனியவோ பெரும தமியர்க்கு மனையே?' ஐயா, தனியாக இருப்பவர்களுக்கு வீடு மட்டும் இனிதாக இருக்குமா? மறுபேச்சு பேச இடமே வைக்காத கேள்வி.

குறுந்தொகை 20 கோப்பெருஞ்சோழன் பாட்டு. அருளையும் அன்பையும் நீக்கி, துணையை விட்டுப் பொருளுக்காகப் பிரிபவர்கள்தான் அறிவுடையவர்கள் என்றால், அவர்கள் அறிவுடையவர்களாகவே இருக்கட்டும், நாங்கள் பேதைகளாகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்கிறாள் தலைவி. இதை எழுதியது ஓர் அரசன். கருவூலம் கையில் இருந்தவன், ஒரு பெண்ணின் குரலில் நின்று பொருளறிவின் எல்லையைச் சொல்கிறான்.

திருக்குறளுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 1261ஆம் குறளில் அவன் போன நாட்களைச் சுவரில் குறித்த கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி அவள் விரல் தேய்ந்துவிட்டது. அவன் அங்கே காசை எண்ணும்போது இவள் இங்கே நாளை எண்ணுகிறாள். குறுந்தொகை 101இல் 'ஒரு நாள்' என்ற அளவைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். உலகத்தைவிடக் கனமான அந்த நாட்கள்தான் இங்கே சுவரில் கோடுகளாகக் கிடக்கின்றன. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 1270, உள்ளம் உடைந்து அவள் போய்விட்டால் பெற்றால்தான் என்ன, பெற்று வந்து சேர்ந்தால்தான் என்ன என்று கேட்கிறது.

ஏழாம் படி: அகநானூறு 5ஐ மெதுவாகப் படியுங்கள்

இதை எழுதியவர் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அவரும் அரசர்தான். பாட்டில் தலைவி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் கிளம்பப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல், பாதம் நிலத்தில் லேசாகப் படிய மெல்ல நடந்து அருகில் வருகிறாள். கூர்மையான பல் தெரிய, உண்மையில்லாத ஒரு புன்னகை. நடுவில் அவன் போகப்போகும் காட்டு வழி வருகிறது. சிறுவர்கள் சேர்த்து வைத்த வட்டுக்காய்கள்போலப் பாறைமேல் நெல்லிக்காய்கள் உதிர்ந்து கிடக்கின்றன. கண்ணில் நீர் நிறைந்து பாவையை மறைக்கிறது. மார்பில் அணைத்திருக்கும் குழந்தையின் தலையில் ஒரு பூச்சரம். அதை மோந்து பெருமூச்சு விடுகிறாள். அந்த மூச்சின் சூட்டில் பூ தன் மணிபோன்ற நிறத்தை இழந்து வாடுகிறது. 'கண்டே கடிந்தனம் செலவே.' அதைப் பார்த்தேன், பயணத்தை விட்டுவிட்டேன்.

நற்றிணையில் உலகத்தை மரக்காலாக்கி ஏழு முறை அளந்தார்கள். இங்கே ஒரு பூ வாடியது போதுமாக இருக்கிறது. எனக்கு இது இன்னும் பெரிய பாட்டு.

ஆனால் இதை வெற்றி என்று எழுதி மூடிவிடாதீர்கள். தொல்காப்பியர் கற்பியலில் ஒரு விதி வைத்திருக்கிறார்: 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே.' பயணத்தை நிறுத்துவது போகாமலே இருந்துவிடுவது ஆகாது. அவளைத் தேற்றுவதற்காகக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதுதான் அது. அவன் ஒருநாள் போவான். பாட்டைப் படிக்கும் நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி அகநானூறு 5ஐப் படித்தால் பாட்டின் நிறமே மாறும்.

எட்டாம் படி: ஒரே கவிஞரை இரண்டு பக்கமும் நிறுத்துங்கள்

பெருங்கடுங்கோ இதற்கு மிகப் பொருத்தமானவர். ஒன்றும் இல்லாமல் வாழ்வது பிச்சையைவிடக் கேவலம் என்ற குறுந்தொகை 283 அவருடையது. தனிமையில் வீடு இனிக்குமா என்ற 124ம் அவருடையது. 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்று தொடங்கும் 135ம் அவருடையதுதான். அதில் தோழி, அப்படிச் சொன்னவரே ஆடவர்தான் மகளிர்க்கு உயிர் என்றும் சொன்னார், அதனால் அழாதே, போக மாட்டார் என்று தேற்றுகிறாள்.

கலித்தொகையின் பாலைப் பகுதியான பாலைக்கலியையும் அவர் பெயரில்தான் மரபு சொல்கிறது. அதில் 18ஆம் பாட்டு தலைவியின் பக்கம் நின்று வாதாடுகிறது. பொருள் என்ன, போனவர்கள் அள்ளிக்கொள்ளும்படி அங்கே கொட்டியா கிடக்கிறது? போகாமல் இருந்தவர்கள் சாப்பிடாமலா இருக்கிறார்கள்? நியாயமான, வீட்டுக் கணக்குத் தெரிந்த கேள்விகள். பிறகு இது: ஒரே துணியை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி உடுத்துகிற ஏழைகளே ஆனாலும் 'ஒன்றினார் வாழ்க்கையே வாழ்க்கை'. போன இளமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பணம் வாங்க முடியாதது எது என்று இந்தப் பாட்டு தெளிவாகப் பெயர் சொல்லிவிடுகிறது.

அந்த நாலு பாட்டையும் ஒரே மாலையில் வரிசையாகப் படியுங்கள். கவிஞர் எந்தப் பக்கம் என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் உண்மை என்று தெரிந்தவர் அவர்.

ஒன்பதாம் படி: சேர்ந்து படிக்கிறீர்கள் என்றால்

மூன்று நான்கு பேர் சேர்ந்து படிப்பது இந்தப் பாடல்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஒருவர் தலைவனின் காரணங்களை எடுத்துப் பேசட்டும், இன்னொருவர் தோழியாக மறிக்கட்டும். பேச்சு பொதுவாகப் போகத் தொடங்கினால் 'எந்த அடியில் இருக்கிறது?' என்று கேட்டுப் பாட்டுக்கே திரும்புங்கள். மணமானவர்களும் ஆகாதவர்களும் கலந்த குழுவாக இருந்தால் இன்னும் நல்லது, நற்றிணை 16ஐ இரண்டு தரப்பும் வேறு வேறு விதமாகப் படிப்பதைக் கேட்கலாம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால் அவரைக் குறுந்தொகை 63ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பழகிய பிறகு அகநானூறு 265க்குப் போங்கள். மாமூலனார் பாட்டு. பாடலிபுரத்தில் நந்தர்கள் கங்கை நீருக்கடியில் மறைத்து வைத்த பெருஞ்செல்வம் பேசப்படும் பாட்டு அது. அவரைப் பிடித்து வைத்திருப்பது அந்த நிதியமோ என்று தலைவி கேட்கிறாள். இந்த முறை தராசு எங்கே இருக்கிறது, வலப்பக்கத் தாளில் என்ன எழுதுவீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.